குடம் பார்க்க வந்த மேடம்

எங்கள் தெருவில் அந்த மேடம் ஒரே ஒரு தடவைதான் தண்ணீர் கேட்டுக் குடித்தார். அதற்கு முன்னால் ஏழு மாதமாக வாரம் தவறாமல் வந்துபோனவர்தான். டீ வேண்டாம், மோர் வேண்டாம், இளநீர் வேண்டாம். சீவிக் கையில் கொடுத்த இளநீரைக்கூடத் திருப்பி என் கையிலேயே வைத்து, "நீ குடிம்மா, வெயில்ல நிக்கற" என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷி ஒருநாள் காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் நின்று, "ஒரு டம்ளர் தண்ணி குடு" என்று கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்பத்திரண்டு வீட்டுப் பெண்களும் அவரவர் குடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அவர் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கு எங்களைத் திட்டத்தான் தோன்றும். கேட்ட பிறகும் திட்டலாம். நான் தடுக்கப்போவதில்லை.

ஒன்றிய ஆபீஸில் அவர் அதிகாரி. ஐம்பதை ஒட்டிய வயது. ஜீப் கொடுத்திருந்தார்கள். ஜீப் வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று ஸ்கூட்டரில்தான் வருவார். ஸ்கூட்டர் சத்தமும் எங்களுக்குக் கால்வாய்ப் பாலத்திலேயே கேட்டுவிடும், அது அவருக்குத் தெரியாது. காட்டன் புடவை, அதற்குக் கீழே ஆம்பளைகள் போடுகிற கேன்வாஸ் ஷூ. உப்புச் சேற்றில் செருப்பு நிற்காது என்று முதல் வாரமே வாங்கிவிட்டார். தோளில் ஒரு ஸ்டீல் பாட்டில். வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர். அது தீர்ந்துவிட்டால் ஈ.சி.ஆர். ரோடு வரைக்கும் திரும்பிப் போய்க் கடையில் பாட்டில் வாங்கிக்கொண்டு வருவார்.

"ஏன் மேடம், எங்க வீட்டுல ஒரு வாய் டீ குடிச்சா இன்னா ஆயிடும்?" என்று என் அம்மா ஒருநாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னிக்கு டீ குடிப்பேன். நாளைக்கு உங்க தெருவப் பத்தி ஒண்ணு எழுதறப்ப அந்த டீ ஞாபகம் வரும். அப்புறம் கை சரியா எழுதாதும்மா" என்றார்.

அம்மாவுக்கு அது புரிந்ததோ இல்லையோ, அதற்குப் பிறகு டீ போடுவதை விட்டுவிட்டாள்.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிக் கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடைசித் தெரு எங்களுடையது. எல்லாரும் உப்பு வாரப் போகிற ஜனம். நான் ஒருத்திதான் பிளஸ் டூ முடித்துவிட்டு மகளிர் குழுவுக்குச் செயலாளராக இருந்தேன். மனு எழுதுவது, ஆபீஸுக்கு அலைவது எல்லாம் என் தலையில். எங்கள் தெருவில் ஒரு கைப்பம்பு உண்டு. அதில் வருவதைத் தண்ணீர் என்று சொல்வது பழக்கதோஷம். பாத்திரம் கழுவலாம், கால் கழுவலாம். குடிக்கிற தண்ணீர் லாரியில்தான் வரவேண்டும்.

மேடத்துக்கு ஒரு பேச்சு உண்டு. எதற்கெடுத்தாலும் அதைத்தான் சொல்வார். "வந்துச்சான்னு கேக்கல. இருக்குதான்னு பாக்கறேன்."

நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் வந்தார். கழிப்பறையைச் சுத்தம் செய்ய ஆள் போட்டிருந்தார்கள். ஆள் வந்த நாளுக்கெல்லாம் நோட்டில் கையெழுத்து இருந்தது. பினாயில் வாங்கிய ரசீது இருந்தது. மேடம் நோட்டை மூடித் தலைமையாசிரியர் கையில் கொடுத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக உள்ளே போனார். வெளியே வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது.

"ஆள் தெனமும் வர்றாரா சார்?"

"வர்றாருங்க மேடம். கையெழுத்து பாருங்க."

"பொம்பளப் புள்ளைங்க உள்ள போகுதுங்களா? இல்ல, சாயந்தரம் வீட்டுக்குப் போற வரைக்கும் அடக்கிக்கிட்டு ஒக்காந்திருக்குதுங்களா? அத மொதல்ல எழுதுங்க. ஆள் வந்தத அப்புறம் எழுதிக்கலாம்."

பெற்றோர் கூட்டத்துக்கு அண்ணன் மகளோடு போயிருந்த நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அதை ஒரு கேள்வியாகக் கேட்கலாம் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

லாரி விஷயம் அதைவிட மோசம். அப்போதெல்லாம் லாரிக்கு நடைக் கணக்கு. ஒரு நடை வந்தால் ஒரு நடைக்குக் காசு. பாலத்துக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் நோட்டில் கையெழுத்துப் போடுவார். நோட்டில் தினமும் எட்டு நடை இருந்தது. எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு மேல் குடம் நிரம்பியதே இல்லை. ஒரு காலையில் மேடம் உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் ஸ்கூட்டரை மறைத்துவைத்துவிட்டுக் காத்திருந்தார். நானும் கூட இருந்தேன். லாரி வந்தது. பாலத்தருகில் ஹாரன் அடித்தது. டிரைவர் இறங்கிக் கையெழுத்து வாங்கினான். ஏறி, வண்டியைத் திருப்பினான். மேடம் குறுக்கே போய் நின்று, பாட்டிலால் டேங்கைத் தட்டினார். டங்கென்று வெறும் தகரச் சத்தம் கேட்டது.

அடப்பாவி என்றேன். அவன் பயப்படக்கூட இல்லை.

"நடைக்குத்தானுங்க மேடம் காசு? வந்துட்டேன்ல?" என்றான்.

மேடம் அவனைத் திட்டுவார் என்று பார்த்தேன். என் பக்கம் திரும்பி, "அவன் சொல்றது சரிதாம்மா" என்றார். "நாம நடைய வெல பேசி வாங்கியிருக்கோம். நடை வந்திருக்குது. தண்ணிய யாரு கேட்டா?"

அதற்கப்புறம்தான் ஒப்பந்தத்தை மாற்றி எழுதினார். அதற்கு எத்தனை பேரிடம் சண்டை போட்டார், எத்தனை ஃபைல் திரும்பி வந்தது என்பதெல்லாம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கான்ட்ராக்ட்காரரைக் கூப்பிட்டுப் பேசிய அன்று குழு சார்பில் நானும் போயிருந்தேன். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன்.

"ரோடு மோசம் மேடம். டயர் போவுது. எத்தன நடைன்னு சொன்னாத்தான நான் ரேட்டு போட முடியும்?"

"எத்தன நடைன்னு உங்க இஷ்டம். ஒரே நடையில ரொப்புங்க, பத்து நடை அடிங்க, ஒட்டகத்துல வெச்சுக்கூடக் கொண்டாங்க. எனக்கு அது தேவையில்ல. காலையில ஏழு மணிக்கு நாப்பத்திரண்டு வீட்டு வாசல்லயும் குடம் ரொம்பி இருக்கணும். வாரத்துல ஏதோ ஒரு நாள் நான் வருவேன், சொல்லிட்டு வரமாட்டேன். ரொம்பியிருந்தா அந்த வாரம் பூரா பாஸ். ஒரு வீட்டுல காலியா இருந்தாலும் அந்த வாரக் காசு பூரா போச்சு."

"இப்படி எழுதி நான் எங்கயும் பாத்ததில்ல மேடம்."

"நானும்தான் எழுதினதில்ல. எழுதிப் பாப்போம்."

பங்குனி மாதத்தில் புது ஒப்பந்தம் ஆரம்பித்தது. நான் அதிர்ந்துபோனேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அதே லாரி, அதே டிரைவர். காலை ஐந்தரைக்கு ரப்பர் ஓஸ் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி வீடு வரைக்கும் வந்து, "யக்கா, உன் குடம் ரொம்பிடுச்சா பாத்து சொல்லுக்கா, குறையா இருக்கப்போவுது" என்று கெஞ்சினான். டேங்கில் இருந்த ஓட்டையை யாரும் சொல்லாமலே அடைத்திருந்தார்கள். ரோட்டுப் பள்ளத்தில் கான்ட்ராக்ட்காரரே ஆளைவைத்துச் செங்கல் ஜல்லி கொட்டினார். எங்கள் தெருவுக்கு யாரும் இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. என் அம்மா குடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

ஒன்றைச் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். தள்ளிப்போட்டேன் என்பதுதான் நிஜம்.

மேடத்தை நாங்கள் முதலில் பார்த்தது தை மாதத்தில். தண்ணீர் கேட்டுக் காலிக் குடங்களோடு ஈ.சி.ஆர். ரோட்டில் உட்கார்ந்திருந்தோம். ஏற்பாடு செய்தவள் நான்தான். பஸ் நின்றது, கார் நின்றது, போலீஸ் வந்தது. கடைசியில் ஸ்கூட்டரில் இவர் வந்தார். வேலைக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. எண்பது காலிக் குடங்களுக்கு எதிரே வெயிலில் ஒரு மணி நேரம் நின்று ஒவ்வொருத்தி பேச்சையும் கேட்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. கட் பண்ணிக் கட் பண்ணி வைத்தார். கடைசியில் ஒரு தடவை எடுத்துக் காதில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "பாரு, மதிக்காமப் போவுது பாரு" என்று நான் கத்தியது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

அவர் வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்று மறுநாள் தெரிந்தது. நாங்கள் மறித்து உட்கார்ந்திருந்த அதே நேரத்தில்.

தெருவே இடிந்துபோனது. வெளியே கிளம்புகிறவர் எதிரில் வெறுங்குடத்தோடு வரக்கூடாது என்று சின்ன வயதிலிருந்து எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஒரு குடத்துக்கே அப்படி. நாங்கள் எண்பது குடத்தைக் காட்டியிருந்தோம்.

"ஒரு பொம்பள தாலிய நாம அறுத்துட்டோம்டி" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் படித்தவள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னேன். ஆனால் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

காரியம் முடிந்து பதினேழாம் நாள் அவர் வேலைக்கு வந்தார். ஆபீஸுக்குக்கூடப் போகாமல் நேராக எங்கள் தெருவுக்கு வந்து, "அன்னிக்குப் பாதியில போயிட்டேன். மீதியச் சொல்லுங்க" என்றார். அன்று தெரு ஒரு முடிவு எடுத்தது. கூட்டம் போட்டு எடுக்கவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தே எடுத்தோம். இனி இந்த அம்மா எதிரில் எந்தக் காலத்திலும் வெறுங்குடம் இருக்கக்கூடாது.

ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை லாரி வரவில்லை. ஏதோ ரிப்பேர். ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பாலத்தில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. வாசலில் அத்தனையும் காலிக் குடம். முதலில் ஓடியது என் அம்மாதான். "ஐயோ, அந்த மகராசி வர்றாங்கடி, காலியா காட்டாதீங்கடி" என்று கைப்பம்புக்கு ஓடினாள். பின்னாலேயே தெரு ஓடியது. ஒருத்தி அடிக்க, ஒருத்தி தூக்க, பாத்திரம் கழுவ வீட்டு அண்டாவில் பிடித்துவைத்திருந்த பம்புத் தண்ணீரையும் மொண்டு ஊற்ற, மேடம் வண்டியை நிறுத்தி ஷூவில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டு வருவதற்குள் எல்லா வாசலிலும் குடம் தளும்பியது. அவர் வழக்கம்போல் ஒவ்வொரு குடத்திலும் விரலை விட்டு அளவு பார்த்தார். முகத்தில் ஒரு சந்தோஷம். அதைப் பார்த்து எங்களுக்கும் சந்தோஷம். நான் சத்தியமாகச் சொல்கிறேன், ஏமாற்றுகிறோம் என்று ஒருத்தி மனசிலும் இல்லை.

அந்த வாரம் பாஸ்.

இதை அந்த டிரைவரே பின்னால் என்னிடம் சொன்னான். "எங்களுக்கே தூக்கி வாரிப்போட்டுச்சுக்கா. வண்டி வரவேயில்ல, பாஸுன்னு வந்துது. ஓனரு ரெண்டு நாளு யோசிச்சாரு. அப்புறம் சிரிச்சாரு."

சிரித்தவர் லாரியை மூன்று நாளுக்கு ஒருமுறை விட ஆரம்பித்தார். மேடம் எந்த நாள் வந்தாலும் குடம் நிறைந்திருந்தது. லாரி வந்த நாளில் லாரித் தண்ணீர், வராத நாளில் பம்புத் தண்ணீர். விரலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒருநாள் சொல்ல வாயெடுத்தேன். "தண்ணி சரியா வருதாம்மா?" என்று அவரே கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற அம்மா இடுப்பில் கிள்ளினாள். எதிரே நிறைகுடத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால், அப்போ இது என்ன என்று கேட்பார். கேட்டால் ஏன் நிரப்பினோம் என்று சொல்லவேண்டும். உங்கள் வீட்டுக்காரரை நாங்கள்தான் கொன்றோம் என்று சொல்லவேண்டும்.

"வருதுங்க மேடம்" என்றேன்.

ஆடியில் எங்கள் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினோம். வேலை நாளில் குடிக்கமாட்டார் என்று தெரிந்தே அழைத்தேன். "லீவு போட்டுட்டு வர்றேன். அன்னிக்கு நான் ஆபீஸரு இல்ல" என்றார். சொன்னபடியே வந்தார். தரையில் எங்களோடு உட்கார்ந்து கருவாட்டுக் குழம்போடு சொம்பு நிறையக் குடித்தார். இரண்டாவது சொம்பு கேட்டபோது, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குதே" என்றார்.

"உப்பளத்துக்காரங்க கூழு மேடம், அப்படித்தான் இருக்கும்" என்றேன் நான். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அண்டா அண்டாவாகக் காய்ச்சியது பம்புத் தண்ணீரில். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

என் அண்ணிக்கு அப்போது ஆறு மாதம். இரண்டாவது பிள்ளை. உப்பு வாரப் போகிறவர்களுக்கு அளத்து முதலாளி வைக்கிற டிரம்மில் நல்ல தண்ணீர் கிடைக்கும். அம்மாவும் அண்ணனும் நானும் பகலெல்லாம் வெளியே. அண்ணி மட்டும் வீட்டில். வாசலில் நிறைத்த குடத்தைக் கவிழ்க்க எங்களுக்கு மனசு வராது, அது ஆகாது. அப்படியே உள்ளே எடுத்துவைப்போம். மிச்சமிருக்கிற லாரித் தண்ணீர் மூன்று நாளுக்குக் காணாது, அதனால் அதோடு இதையும் கலந்து, அண்ணி அதைத்தான் குடித்தாள். எனக்குத் தெரியும். கரிக்குது என்று ஒருநாள் சொன்னாள். "நமக்கு உப்பு புதுசா அண்ணி?" என்றேன். நான் சொன்ன வார்த்தை இது, வேறு யாரும் இல்லை.

ஆவணியில் கால் வீங்கியது. தலைவலி என்றாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் சகஜம் என்று அம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அதுவும் அந்தக் குடத்திலிருந்துதான். ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணி அடுப்பு முன்னால் வலிப்பு வந்து விழுந்தாள். ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அண்ணியைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளை இல்லை. ஆண் பிள்ளை.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா ப்ரஷர் இருக்கற பொண்ணுக்கு இவ்வளவு உப்பு கூடவே கூடாதும்மா. உங்களுக்குத் தண்ணி வர்றதா ஆபீஸ்ல சொல்றாங்களே?" என்றார்.

திங்கட்கிழமை காலை பாலத்தில் ஸ்கூட்டர் சத்தம். இதுதான் எனக்கு இன்னும் நம்ப முடியாதது. மூன்று நாளுக்கு முன்னால் ஒரு பிள்ளை போயிருக்கிறது. தெரு மறுபடியும் பம்புக்கு ஓடியது. என் அம்மாவும் ஓடினாள். நானும் எங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மேடம் அன்று குடத்தில் விரல் விடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கிராம நர்ஸுக்குச் சொல்லி, நர்ஸ் அவரிடம் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டு வாசலுக்கு நேராக வந்து நின்று, அந்த ஒரு டம்ளர் தண்ணீரைக் கேட்டார். நான் நகராததைப் பார்த்து, தானே குனிந்து, குடத்தின் மேல் இருந்த டம்ளரை எடுத்து மொண்டார். முதல் வாயிலேயே முகம் கோணியது. துப்பிவிடுவார் என்று நினைத்தேன். துப்பவில்லை. நின்ற இடத்திலேயே முழு டம்ளரையும் குடித்தார். பிறகு அடுத்த வீட்டுக் குடத்தில் மொண்டு குடித்தார். அதற்கடுத்த வீட்டிலும்.

"மேடம், வாணாம் மேடம், வயித்துக்கு ஆகாது" என்று அழுதுகொண்டே கையைப் பிடித்தேன்.

"எத்தன மாசமா?" என்றார்.

"ஆனியிலேர்ந்துங்க."

ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். அந்த மனுஷி அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போய், தன் பேரில் தானே ஒரு புகார் எழுதிக் கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்பினார்.

விசாரணைக்கு ஒரு பெரிய அதிகாரி வந்தார். கான்ட்ராக்ட்காரர் கையில் பாஸான பேப்பரையெல்லாம் வைத்திருந்தார். "வாரா வாரம் அவங்களே வந்து பாத்துக் கையெழுத்து போட்டிருக்காங்க சார். நான் ஊத்தலன்னா குடம் எப்படி ரொம்புச்சு?" என்று கேட்டார். அண்ணி எழுந்து நிற்கக்கூட முடியாமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போகும்போது என் கையைப் பிடித்து, "உள்ளத சொல்லிடு" என்று மட்டும்தான் சொன்னாள்.

"நாங்கதாங்க ரொப்பினோம்" என்றேன்.

"ஏன்?"

சொன்னேன். தை மாதம், மறியல், காலிக் குடம், போன், எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது இப்போதுதான் தெரிகிறது என்பதை அந்த முகத்தில் பார்த்தேன்.

"அதுக்காகவா?" என்றார். "அவருக்கு ரெண்டு கிட்னியும் போயி மூணு வருஷம் டயாலிசிஸ்ல இருந்தாரும்மா. அன்னிக்குக் காலையிலயே டாக்டர் கைய விரிச்சுட்டாரு. தெரிஞ்சேதான் நான் வேலைக்கு வந்தேன். உங்க குடம் என்ன பண்ணுச்சு? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா. ஒரே ஒரு வார்த்தை."

கேட்கத் தோன்றவில்லை எங்களுக்கு. அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. எங்களிடம் எதையும் வாங்காததுபோல எதையும் சொல்லாமலும் இருந்தவர்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "மேடம், இந்தப் பொண்ணு சொன்னத எழுத்துல வாங்கிக்கறேன். ஜனங்க உங்கள ஏமாத்திட்டாங்கன்னு ஆயிடுச்சுன்னா உங்க பேர்ல ஒண்ணும் நிக்காது. இவங்கமேலதான் ஆக்‌ஷன் வரும்."

ஆக்‌ஷன் என்றால் கேஸா, ஸ்டேஷனா, குழுவையே கலைத்துவிடுவார்களா?

"அவங்க ஏமாத்தல சார்" என்றார் மேடம். "நான் வாரா வாரம் போனேன். கண்ணால பாத்தேன், விரல வெச்சுப் பாத்தேன். வாயில வெச்சுப் பாக்கல. குடம் ரொம்பணும்னு எழுதினேனே தவிர குடிக்கற தண்ணியான்னு எழுதல. அது என் தப்பு. அத மட்டும் எழுதிக்குங்க."

பேப்பரை இழுத்து அவரே எழுதினார். ஒரு பக்கம். எங்கள் தெருவில் ஒருத்தி பேர்கூட அதில் இல்லை.

அதற்கப்புறம் நடந்தது சீக்கிரம் நடந்தது. அவருக்கு மெமோ கொடுத்து, எங்கோ மேற்கே மாற்றினார்கள். வந்த புது அதிகாரி பழைய ஒப்பந்தத்தையே திரும்பக் கொண்டுவந்தார். நடைக் கணக்கு என்றால் நாளைக்கு யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாதாம். நோட்டில் இப்போது தினமும் எட்டு நடை இருக்கிறது. எங்கள் தெருவில் பாதிக் குடம்.

ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அது இல்லை. அன்று அந்த அறையை விட்டு நான் வெளியே வந்த நிமிஷம்தான். வாசலில் எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னாடி ஆச்சு?"

"நம்ம பேரு எதுலயும் வரல. மேடம் எல்லாத்தையும் தம்மேல எழுதிக்கிட்டாங்க."

அம்மா நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள். "நல்லவேள" என்றாள். ஆளாளுக்கு நல்லவேள, நல்லவேள என்றார்கள். என் வாயிலும் அதே வார்த்தை வந்துவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணி தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தாள்.

"நல்லவேளயா?" என்றாள்.